கடைசி அறைக்கு இணையம்: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

எங்கள் வீட்டில் ரவுட்டர் இருப்பது முன்னறையில். நான் வேலை பார்ப்பது கடைசி அறையில். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள், அவற்றில் ஒன்றை ஒட்டி ஓர் இரும்பு பீரோ. வீடியோ அழைப்பில் எதிரில் இருப்பவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். நான் பேசுவதுதான் அவருக்கு விட்டுவிட்டுப் போகும். போனைப் பார்த்தால் வைஃபை கோடுகள் முக்கால்வாசி நிறைந்திருக்கும். இந்த நிலையில் யாரிடம் கேட்டாலும் மூன்று யோசனைகளில் ஒன்று வரும்: பிளானை ஏற்று, புது ரவுட்டர் வாங்கு, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் மாட்டு. நான் மூன்றாவதைச் செய்து இரண்டு வருடம் ஓட்டினேன். கடைசியில் சிக்கலைத் தீர்த்தது 20 மீட்டர் கேபிளும், பரணில் கிடந்த ஒரு பழைய ரவுட்டரும்.

இது என் வீட்டுக்குக் கிடைத்த விடை. உங்கள் வீட்டுக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. வழிகள் ஏழெட்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கோளாறுக்குத்தான் மருந்து. எந்தக் கோளாறு என்று பார்க்காமல் மருந்து வாங்குவதில்தான் காசும் பொறுமையும் கரைகின்றன. அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு சோதனை.

கோளாறு வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

லேப்டாப்பை ஒரு லேன் கேபிளால் நேரடியாக ரவுட்டரில் செருகி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். பிளானில் சொன்ன வேகம் ஏறக்குறைய வந்தால் வெளியிலிருந்து வரும் லைனில் குறை இல்லை; வீட்டுக்குள் வைஃபைதான் சொதப்புகிறது. கேபிளிலும் வேகம் வரவில்லை என்றால் கோளாறு லைனில், அல்லது அந்த லைன் வந்து சேரும் பெட்டியான மோடத்தில். அப்போது எத்தனை ரிப்பீட்டர் மாட்டினாலும் பயனில்லை. இணைப்பு கொடுத்தவர்களிடம்தான் புகார் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, 2.4ஐவிட வேகமான வைஃபை அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் சோதித்தால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிங் சோதனை: ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. கடைசி அறையில், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் தொடர்ந்து ஓடவிடுங்கள். ரவுட்டரிலிருந்து பதில் சில மில்லிநொடிகளில் வர வேண்டும். அதுவே 300, 400 என்று எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ வைஃபையில்தான் குறை. ரவுட்டர் பதில் நிதானமாக வந்து, 8.8.8.8 மட்டும் தள்ளாடினால் குறை வெளியே. ஸ்பீடு டெஸ்ட் அந்த நொடியின் வேகத்தை மட்டும் சொல்லும். அரை மணி நேரம் ஓடும் இந்த இரண்டு சாளரங்கள் எப்போது, எந்தப் பக்கம் அறுந்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும். புகார் சொல்லும்போது கையில் ஒரு சான்றும் இருக்கும்.

சோதனையிலேயே தெரிந்துவிடும் சில சங்கதிகள் உண்டு. 8.8.8.8 பதில் சொல்கிறது, ஆனால் பக்கங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் சிக்கல். ரவுட்டர் செட்டிங்கில் அதை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றிப் பாருங்கள். ஃபைபர் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளியே வந்து சேரவில்லை. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபைபர் வயர் எங்காவது மேசைக்காலில் நசுங்கியோ, சுருக்கென்று மடங்கியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு போன் செய்யுங்கள். கேபிளில் சோதிக்கும்போது வேகம் ஒவ்வொரு முறையும் 94, 95 எம்பிபிஎஸ்ஸிலேயே முட்டி நிற்கிறதா? அது லைனின் குறையல்ல. ஏதோ ஒரு போர்ட் பழைய 100 எம்பிபிஎஸ் வகையைச் சேர்ந்தது, அல்லது லேன் கேபிளின் எட்டு இழைகளில் ஒன்று அறுந்திருக்கிறது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால்தான் இணைப்பு முழுதாக அறாமல் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொள்கிறது.

இன்னொன்று, பலரும் வைஃபை மேல் பழி போடும் கோளாறு. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் போனிலிருந்து நூற்றுக்கணக்கான படங்கள் மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கியதும் எல்லாருடைய அழைப்பும் கெடும். அப்லோட் வழி சிறியது. அதன் வாசலில் மோடமோ ரவுட்டரோ நீண்ட வரிசை கட்டிவிடுகிறது. உங்கள் குரலும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர். சில ரவுட்டர்களில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற வசதி உண்டு. அதில் அப்லோட் வேகத்தை உண்மை வேகத்தைவிடப் பத்து சதவீதம்போலக் குறைத்து அமைத்தால் வரிசை குட்டையாகி, குரல் போன்ற சின்னப் பாக்கெட்டுகளுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) வழி கிடைக்கும். இந்த ஒரு சிக்கலுக்குப் பல பெட்டிகள் சேர்ந்த மெஷ்ஷும் உதவாது, கேபிளும் உதவாது.

சரி, சோதித்தாயிற்று. குறை வைஃபையில்தான். இனி வழிகள்.

இடம் மாற்றுவதும் செட்டிங் மாற்றுவதும்

காசில்லாத வழி என்பதாலேயே பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சிக்னல் 6 டெசிபல் குறையும், அதாவது கால் பங்காகும். கம்பி போட்ட கான்கிரீட் சுவர் ஒன்றே அதைவிட அதிகம் விழுங்கிவிடும். இரும்பு பீரோ, பின்புறம் உலோகப் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, எல்லாமே அலைக்குச் சுவர்தான். டிவிக்குப் பின்னாலும், மூடிய அலமாரிக்குள்ளும், தரையிலும் ரவுட்டரை வைத்துவிட்டு ரிப்பீட்டர் தேடுவது அநியாயம். நெஞ்சு உயரத்துக்கு மேல், வீட்டின் நடுப்பகுதிக்கு எவ்வளவு கிட்டத்தில் முடியுமோ அவ்வளவு கிட்டத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். "ஃபைபர் வந்து சேரும் இடம் வாசல் மூலைதானே" என்பீர்கள். மோடம் அங்கேயே இருக்கட்டும். ரவுட்டர் தனிப் பெட்டியாக இருந்தால், அதை ஒரு லேன் கேபிளோடு நடு வீட்டுக்குக் கொண்டுவரலாம். 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை சில. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது: ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே இடத்தில்தான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40க்கு ஏற்றினால் பக்கத்து வீட்டு இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்வீர்கள். ரவுட்டரின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். அந்த இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012ல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் திடீரென்று காணாமல் போய்ச் சில நிமிடம் கழித்துத் திரும்புகிறதா? ரேடார் பயன்படுத்தும் அலைவரிசைகளில் ரவுட்டர் ரேடாரைக் கேட்டதாக நினைத்தால் உடனே அந்தச் சேனலை விட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. சேனலை 36 முதல் 48க்குள் வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். இலவசச் செயலிகள் சிக்னலை டிபிஎம் என்ற மைனஸ் எண்ணில் காட்டும்; பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டமோ அவ்வளவு வலு. மைனஸ் 50 அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 75க்கும் கீழே போனால் தடுமாற்றம்தான். இடம் மாற்றிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளானை ஏற்றுவது

வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது ஏரியை ஆழப்படுத்துவதற்குச் சமம் இது. 4கே வீடியோ ஒன்றுக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். தெளிவான வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ்கூட வேண்டாம். 100 எம்பிபிஎஸ் லைனில் கடைசி அறைக்கு 6 வந்து சேர்கிறது என்றால், லைன் 300 ஆனாலும் அங்கே 6தான். கேபிளில் சோதிக்கும்போதே பிளானின் உச்சத்தைத் தொடுகிறீர்கள், வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது மட்டும் திணறுகிறது என்றால் ஏற்றுங்கள். அப்போதும் அப்லோட் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

புது ரவுட்டர்

2009ல் வந்த 802.11என் தலைமுறை, அதிலும் 2.4 மட்டும் உள்ள பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான முன்னேற்றம். போன், டிவி, கேமரா, விளக்கு என்று இருபது முப்பது கருவிகள் சேர்ந்துவிட்ட வீட்டில் வைஃபை 6 ரவுட்டர் கூட்டத்தைச் சமாளிக்கும் விதமே வேறு. ஆனால் கடைசி அறைக்காக வாங்குகிறீர்கள் என்றால் நின்று யோசியுங்கள். ஒரு ரவுட்டர் எவ்வளவு சக்தியோடு அலை பரப்பலாம் என்பதற்குச் சட்ட வரம்பு உண்டு. புதியது என்பதற்காக அது அதிகம் கத்த முடியாது. பெட்டியில் எட்டு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தாலும் உங்கள் போனில் இருப்பது பெரும்பாலும் இரண்டு. புதிய தலைமுறைகளின் சிறப்பான 6 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் முன்னே மற்ற இரண்டையும்விடப் பலவீனம்.

என் அழைப்புப் புதிருக்கும் இங்கேதான் விடை இருந்தது. போன் காட்டும் கோடுகள், ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைச் சொல்பவை. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. போன் பேட்டரியில் ஓடுவது. மெல்லிய குரலில்தான் பேசும். எதிரில் இருப்பவர் குரல் எனக்கு வந்து, என் குரல் அவருக்குப் போகாதது அதனால்தான். முன்னறை ரவுட்டரை எவ்வளவு பெரிதாக மாற்றினாலும் போனின் குரல் உயராது. கேட்கும் காதை அறைக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். இது புரிந்த பிறகு, மிச்சமிருக்கும் வழிகள் எல்லாம் ஒரே கேள்விக்கான வெவ்வேறு பதில்களாகத் தெரிந்தன: அந்தக் காதிலிருந்து மோடம் வரை செய்தி எப்படிப் போகிறது?

ரிப்பீட்டர்

இதில் அந்தச் செய்தி அலையிலேயே போகிறது. சாதாரண ரிப்பீட்டரில் ஒரே ரேடியோதான் ரவுட்டரிடமும் பேச வேண்டும், உங்களிடமும் பேச வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் பாதியாகும், தாமதம் கூடும். இதோடு எல்லாரும் செய்யும் ஒரு தவறு சேர்ந்துகொள்கிறது: சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் மாட்டுவது. அங்கே அதற்கும் சிக்னல் இல்லை. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கும் இடத்தில்தான் மாட்ட வேண்டும். நானும் முதல் ஆறு மாதம் மேசைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். நடுவுக்கு நகர்த்தியதும் படம் பார்ப்பது சரியானது, அழைப்புகள் சரியாகவில்லை. வாசல் கேமராவுக்கோ, மொட்டை மாடியில் செய்தி படிப்பதற்கோ, நாளைக்கே காலி செய்யப்போகும் அறைக்கோ ரிப்பீட்டர் போதும். வேலை பார்க்கும் மேசைக்கு நான் இனி அதைச் சொல்லமாட்டேன்.

மெஷ்

மெஷ் என்பது ஒன்றையொன்று அறிந்த பெட்டிகளின் கூட்டம். வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நடந்துபோகும்போது போனை ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்ற உதவும். எது எங்கே கோளாறு என்று செயலியில் காட்டும். தொழில்நுட்பத்தில் நேரம் செலவிட விரும்பாதவர்களுக்கு இதுவே நிம்மதியான வழி. ஆனால் வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ உண்டா? இரண்டு பேண்ட் (அலைவரிசை) மட்டும் உள்ள மலிவான மெஷ், கம்பியில்லாமல் ஓடும்போது, நல்ல நடத்தையுள்ள ஒரு ரிப்பீட்டர்தான். அதே பாதி வேகக் கணக்கு அதற்கும் பொருந்தும். மூன்று பேண்ட் உள்ளவற்றில் ஒன்றைத் தங்கள் பேச்சுக்கே ஒதுக்க முடியும். பெட்டிகளில் லேன் போர்ட் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு கேபிள் இழுத்து இணைத்தால் அதே மெஷ்ஷின் தரம் ஒரு படி ஏறிவிடும்.

மூன்று பெட்டி சேர்த்து விற்கிறார்கள் என்பதற்காக மூன்றையும் மாட்ட வேண்டியதில்லை. நடுத்தர வீட்டுக்கு இரண்டு போதும். அதிகம் மாட்டினால் அவை ஒன்றின் பேச்சை ஒன்று குறுக்கிடும். ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும் ஒவ்வொரு தாவலும் தாமதத்தைக் கூட்டும்.

மின்சார வயர் வழியாகவும், டிவி கேபிள் வழியாகவும்

பவர்லைன் என்ற அடாப்டர் ஜோடி, வீட்டு மின்வயரிலேயே இணையத்தை அனுப்பும். சுவர் துளைக்க வேண்டாம் என்பது பெரிய வசதி. பெட்டியில் 1000, 2000 என்று போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. வீட்டில் அதில் ஒரு சிறு பங்கே வரும். இரண்டு பிளக்குகளும் ஒரே ஃபேஸில் இருக்கின்றனவா, வயர் எவ்வளவு பழையது, பக்கத்தில் மோட்டாரோ மலிவான சார்ஜரோ ஓடுகிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் சர்ஜ் புரொடெக்டரிலும் செருகவே கூடாது. நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும். உங்கள் வீட்டில் வேலை செய்யுமா என்பதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதால், திருப்பித் தர வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். அறைகளில் ஏற்கெனவே கோஆக்சியல் டிவி கேபிள் ஓடுகிறது, இப்போது அது சும்மா கிடக்கிறது என்றால், அதிலேயே இணையத்தை அனுப்பும் மோக்கா அடாப்டர் இதைவிடப் பல மடங்கு மேல், மோக்கா 2.5 வகை 2.5 ஜிபிபிஎஸ் வரை தாங்கும்.

கேபிளும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட்டும்

என் தேர்வு இதுதான். கேட் 6 கேபிளை முன்னறையிலிருந்து கடைசி அறைக்கு இழுத்து, அங்கே, கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைப்பது. மேசைக் கணினி, டிவி போன்ற நகராத கருவிகள் நேரே கேபிளில். போன், டேப்லெட் போன்றவை பக்கத்திலேயே இருக்கும் வைஃபையில். நகராதவை அலையை விட்டு விலகினாலே நகரும் கருவிகளுக்குக் காற்றில் இடம் கிடைத்துவிடும்.

பரணில் பழைய ரவுட்டர் இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம். ஆக்சஸ் பாயிண்ட் மோட் என்று அதில் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கையாலேயே செய்யலாம்: முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல, முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாகவும், முதல் ரவுட்டர் முகவரி வழங்கும் எல்லைக்கு வெளியே இருப்பதாகவும் மாற்றுங்கள். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியைப் பழைய ரவுட்டரில் அணையுங்கள். கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் முகவரி வழங்கத் தொடங்கி, சில கருவிகளுக்கு இணையம் கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. காரணம் தெரியாமல் நாள் முழுக்கத் தவிக்க வைக்கும் கோளாறு அது. வைஃபைக்கு அதே பெயர், அதே கடவுச்சொல்; சேனல் மட்டும் வேறு.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் போட்ட வகை எளிதில் முறியும், நீண்ட தூரத்துக்குத் தாங்காது. மின்வயர் போகும் அதே குழாயில் நுழைக்காதீர்கள். வாடகை வீடு என்றால் துளை போட முடியாதே என்ற கவலை நியாயமானது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஒட்டும் கிளிப்புகளோடு, கதவுக்கு அடியில் தட்டைக் கேபிளாக என் கேபிள் போகிறது. ஒரு துளைகூடப் போடவில்லை. அரை நாள் வேலை. சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பூச்சு முடிவதற்குள் ஒவ்வோர் அறைக்கும், கூடத்தின் மேற்கூரைக்கும் காலிக் குழாயாவது பதித்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேபிள் இழுக்கவே முடியாத வீட்டில், வேலை மேசைக்கு மூன்று பேண்ட் மெஷ். அதற்கும் கை வராவிட்டால் பவர்லைனைச் சோதித்துப் பார்க்கலாம். ரிப்பீட்டர் அதற்கும் பிறகுதான்.

மாட்டி முடித்ததும் அதே பிங் சோதனையை அதே நாற்காலியில், சுற்றியுள்ள எல்லா வீடுகளும் இணையத்தில் இருக்கும் மாலை நேரத்தில் ஓடவிடுங்கள். எனக்கு முதல் மாலையில் ஒன்று இடித்தது: முன்னறையிலிருந்து நடந்து வந்தால் போன் பழைய ரவுட்டரையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே புதிய ஆக்சஸ் பாயிண்ட் இருந்தும். எந்தப் பெட்டியோடு சேர்வது என்பதை முடிவு செய்வது போன், ரவுட்டர் அல்ல. முன்னறை ரவுட்டரின் பரப்பும் சக்தியை முழு அளவிலிருந்து நடுத்தரத்துக்குக் குறைத்தேன். கூடத்தைத் தாண்டும்போதே போன் அதை விட்டுவிட்டுக் கடைசி அறைப் பெட்டிக்கு மாறத் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த மேசையில் ரவுட்டருக்கான பிங் 2, 3 மில்லிநொடிகளில் நிற்கிறது.